கரடி வயிற்றில் ஜிப் வைக்கலாமா? பொம்மைப் பைக்கு ஐந்து வழிகள்

போன வருஷம் ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில் எதிர்வீட்டு மைனி ஒரு பாண்டா பொம்மையைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் தையல் மெஷின் மேல் வைத்தார்கள். நெல்லையப்பர் கோவில் ரத வீதியில் போட்டிருந்த திருவிழாக் கடையில் பிள்ளை அழுது புரண்டு வாங்கியது. வாங்கின மறுநாளே அதற்கு மவுசு போய்விட்டது, இப்போது அதை முதுகில் மாட்டுகிற பையாக்கித் தர வேண்டுமாம். "நீதான் மிஷின் வச்சிருக்கியே, ஒரு மணி நேர சோலிதான" என்றார்கள். போனில் ஒரு வீடியோவையும் காட்டினார்கள். ஒரு கை பொம்மையின் முதுகைக் கீறுகிறது, பஞ்சை உருவுகிறது, ஜிப் வைக்கிறது, முடிந்தது. அந்தக் கையில் ஊசி குத்தவில்லை, நூல் சிக்கவில்லை, வீடு முழுக்கப் பஞ்சு பறக்கவும் இல்லை.

அதற்கு முன்னாலேயே அக்கா மகள், ஐந்து வயசு, தன் முயலை வைத்து ஒரு பை கேட்டிருந்தாள். அப்புறம் தங்கச்சியோடு காலேஜில் படிக்கிற பிள்ளை ஒருத்தி, "அக்கா, கடையில வாங்குறதா நானே தைக்கிறதா, ஒண்ணும் ஓடல" என்று வந்து நின்றாள். மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். ஒரே கேள்விக்கு ஏன் அப்படி என்று தங்கச்சி கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வழிகள் ஐந்து. கையில் இருக்கிற பொம்மையைப் பிரித்து வீட்டிலேயே கையால் தைப்பது, டெய்லரிடம் கொடுப்பது, துணி வாங்கிப் பொம்மை உருவத்தில் புதுசாகவே ஒரு பை தைப்பது, ரெடிமேடாக வாங்குவது, கடைசியாக பொம்மையில் கத்தரியே வைக்காமல் ஒரு துணிப்பையோடு அதைச் சேர்த்துவிடுவது. இந்தக் கடைசி வழி யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்குமே ஒரு தப்பு செய்த பிறகுதான் தோன்றியது.

## எதை வைத்து முடிவெடுக்க

முதல் கேள்வி, உள்ளே என்ன போகும்? 35 செ.மீ. உயரப் பொம்மை என்றால் பெரிசாகத்தான் தெரியும், ஆனால் தலையும் கை காலும் பஞ்சோடு அப்படியே இருக்கும், பையாக மாறுவது வயிறு மட்டும்தான். அதிலும் லைனிங்கும் தையலும் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். இதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பொம்மையின் வயிற்றின் மேல் உங்கள் போனைப் படுக்க வையுங்கள், இப்போது வருகிற போன் எல்லாம் 16 செ.மீ. நீளம் இருக்கிறது. போனைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தால் போன், சின்ன பர்ஸ், வீட்டுச் சாவி மூன்றும் போகும். மிச்சம் இல்லையென்றால் அது சில்லறை போடத்தான் ஆகும். டிபன் பாக்ஸ், நோட்டு, தண்ணீர் பாட்டில் என்று கனவு காண வேண்டாம்.

அடுத்து, யார் தூக்குவது. 3 வயசுக்குக் கீழே என்றால் கழன்று வரக்கூடிய பட்டன் கண், மூக்கு, ஜிப்பில் தொங்குகிற குஞ்சலம் எல்லாம் வாய்க்குத்தான் போகும், நீளமான வார் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் முத்திரை உள்ள பொம்மையாகவே இருந்தாலும், நீங்கள் அதைப் பிரித்து ஜிப்பும் கொக்கியும் வைத்த பிறகு அந்த முத்திரை அதற்கு ஜவாப்தாரி ஆகாது. அதற்கப்புறம் பிள்ளைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

மூன்றாவது, துவைப்பது. வெயிலில் பாளையங்கோட்டைத் தெருப் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் மழை. பஞ்சு அடைத்த தலை நனைந்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இரண்டு நாள் ஈரம் நிற்கும், மூன்றாம் நாள் மோந்து பார்த்தால் தெரியும்.

செலவும் நேரமும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது வேறு ஒன்று. அந்தப் பொம்மைக்கு வீட்டில் என்ன இடம்? மூலையில் கிடக்கிறதா, அல்லது பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

## வழி 1: இருக்கிற பொம்மையைப் பிரித்துக் கையால் தைப்பது

மைனியின் பாண்டாவில்தான் இதை முழுசாகச் செய்து பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிக்கும் முன் துவையுங்கள். திருவிழாக் கடையில் நாள்கணக்காகப் புழுதியில் தொங்கியது அது. காய்ந்ததும் முதுகுப் பக்க ரோமத்தை விரலால் வகிடு எடுத்த மாதிரி விலக்கிப் பாருங்கள், ஒரு இடத்தில் தையல் கொஞ்சம் சுருங்கி, நூல் தடித்து இருக்கும். கம்பெனியில் பஞ்சை அடைத்துவிட்டு கடைசியாகக் கையால் மூடிய வாய் அது. அங்கேதான் பிரிக்க வேண்டும். வீடியோவில் செய்கிற மாதிரி துணியின் நடுவில் கீறினால் வெட்டின ஓரத்திலிருந்து ரோமம் உதிர்ந்துகொண்டே இருக்கும், இருக்கிற தையலைப் பிளேடால் பிரித்தால் மடிப்போடு இரண்டு சுத்தமான ஓரம் கிடைக்கும், ஜிப் வைக்க அதுவே போதும்.

இந்த இடத்தில் ஃபேனை நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தவில்லை. பாண்டாவின் வயிற்றுக்குள்ளிருந்து முதலில் வெள்ளையாகக் கொஞ்சம் பாலியஸ்டர் பஞ்சு வந்தது, பரவாயில்லையே என்று நினைத்தேன். அதற்குக் கீழே பச்சையும் ரோஸுமாக ஸ்பாஞ்சுத் துண்டுகள், பனியன் கம்பெனி வெட்டுத்துணி, ஒரு துண்டில் பாதி எழுத்து அச்சடித்தே இருந்தது. அதற்கும் கீழே தெர்மாகோல் உருண்டை. கடுகு மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள், கையை உதறினால் விழாது, சேலையில் ஒட்டும், முடியில் ஒட்டும், துடைப்பத்தால் கூட்டினால் துடைப்பத்தில் ஒட்டும். மறுநாள் காலையில் காபி டம்ளரில் ஒன்று மிதந்தது. அப்போது படித்த பாடம், பழைய போர்வையை விரித்து அதன் மேல் உட்கார்ந்து பிரிப்பது, வேலை முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கிவிடுவது. இழுப்பு, தும்மல் உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றைக் காலி செய்த பிறகு கழுத்தை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைப் பஞ்சு பைக்குள் இறங்கி, ஒரு வாரத்தில் பாண்டாவுக்குத் தலை தொங்கிவிடும். கழுத்து ஓட்டையைவிட இரண்டு விரல் பெரிசாக ஒரு வட்டத் துணி, சுற்றிலும் கைத்தையல், அவ்வளவுதான். கை கால் ஓட்டைகளுக்கும் இதேதான்.

லைனிங்குக்கு வழுவழுப்பான துணி வேண்டாம். என்னிடம் வீரவநல்லூர் கைத்தறித் துணியில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது, அதைத்தான் வைத்தேன். காடா துணியும் நன்றாக இருக்கும்.

ஜிப் வாங்கும்போது 5 எண் நைலான் ஜிப் என்று கேளுங்கள். பொம்மையின் முதுகு வளைவானது, நைலான் சுருள் ஜிப் வளைவுக்கு வளைந்து கொடுக்கும், இரும்புப் பல் வைத்தது விறைத்துக்கொண்டு நிற்கும். நீளம் 18 செ.மீ.க்குக் குறைய வேண்டாம், கை உள்ளே போய் வர வேண்டும் இல்லையா. தைக்கும் முன் ஜிப்பின் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ரோமத்தைக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள். இதைச் சொல்லாத வீடியோதான் அதிகம். வெட்டாவிட்டால் ரன்னர் ஒவ்வொரு தடவையும் ரோமத்தைக் கவ்வும், ஒரு மாதத்தில் ஜிப் போய்விடும்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், இரட்டை இழை. விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த எங்கள் தாத்தா எந்த நூலையும் இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பார்த்துத்தான் ஆச்சியிடம் கொடுப்பார், நீங்களும் அப்படி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பருத்தி நூல் வேர்வையிலும் உரசலிலும் இற்றுப்போகும். தையல் வெறும் நூலோட்டம் போதாது, ஒரு அடி பின்னால் போய் முன்னால் வருகிற பின்தையல் போட வேண்டும்.

வார் விஷயத்தில்தான் நான் முதலில் ஏமாந்தேன். இந்தப் பாண்டாவுக்கு முன்னால் எனக்கென்று ஒரு கரடிப் பை தைத்தேன், வாரை நேராக ரோமத் துணியிலேயே தைத்துவிட்டேன். ஜங்ஷனில் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்த கையில் வார் மாட்டியது, ஒரே இழுப்பு. தையல் பிரியவில்லை, துணியே கிழிந்துவிட்டது. இந்த மாதிரி பொம்மைத் துணி பல சமயம் பனியன் மாதிரி பின்னியது, இழுத்தால் நீளும், ஊசி ஓட்டைகள் வரிசையாக இருந்தால் தபால்தலை மாதிரி கிழியும். அதனால் உள்பக்கம் கேன்வாஸ் துண்டு ஒன்றை, உள்ளங்கை அளவுக்கு, வைத்துத் தைத்து, வாரை அந்தக் கேன்வாஸோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பெட்டி மாதிரி நாலு பக்கம் தைத்து நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி. பள்ளிக்கூடப் பையைத் திருப்பிப் பாருங்கள், அதே தையல் இருக்கும்.

எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. மொத்தம் ஏழு மணி நேரம் இருக்கும். ஜிப், ஒரு இஞ்ச் பெல்ட் நாடா இரண்டு மீட்டர், கொக்கி, டி வளையம் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள்தான். விரலில் குத்து வாங்கினது தனி. மெஷின் இல்லாதவர்களுக்கு, 30 முதல் 40 செ.மீ. உயரமும் குட்டை ரோமமும் உள்ள பொம்மைக்கு, இது நல்ல வழி. நீள ரோமப் பொம்மையோ உள்ளங்கை அளவுப் பொம்மையோ என்றால் வேண்டாம். அளந்து தைத்த மாதிரி நேராக வர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் வேண்டாம், கையால் தைத்தது கையால் தைத்த மாதிரிதான் இருக்கும்.

## வழி 2: டெய்லரிடம் கொடுப்பது

எல்லாரும் முதலில் ஜாக்கெட் தைக்கிற டெய்லரிடம்தான் போவார்கள். நானும் ஒரு தடவை பழைய கரடி ஒன்றைக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத என்ன செய்யணுங்கிய?"

"பையா தச்சித் தரணும் அண்ணாச்சி. முதுகுல ஒரு ஜிப்பு, ரெண்டு வாரு."

"தைக்கலாம் தாயி. ஊசி ஒடிஞ்சா யாரு கணக்கு? இந்த முடி பூரா பாபினுக்குள்ள போயிட்டுன்னா மிஷினக் கழத்தி மாட்ட எனக்கு அர நாளு போயிரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மெல்லிய துணி தைக்கிற மெஷின் அது, அதில் போய் ரோமத் துணியையும் பெல்ட்டையும் அடுக்கினால் பல்லுக்குள் நகராது. இதற்குச் சரியான ஆள் பள்ளிக்கூடப் பை, சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவர். அவர்களிடம் கனத்த மெஷின், 18 எண் ஊசி, நைலான் நூல், விதவிதமான ரன்னர், கொக்கி எல்லாம் கைவசம் இருக்கும். ஆனால் ஒன்று, வாயைத் திறந்து சொல்லாவிட்டால் ஜிப்பைச் சுற்றி கறுப்பு ரெக்சின் பட்டை வைத்து வெளியே தெரிகிற மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் முயலுக்கு ஆபரேஷன் செய்த மாதிரி இருக்கும். "ஜிப்பு உள்ளே போகணும், முடி மேல மூடணும்" என்று காட்டிக் கேளுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் பை ரிப்பேர்காரரிடமும், தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் எந்த டெய்லரிடமும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார்கள், பொங்கலுக்குத்தான் இறங்கும்.

எனக்குப் பிடித்தது பாதிப் பாதி. பிரிப்பது, பஞ்சு எடுப்பது, கழுத்தை அடைப்பது, லைனிங்கை கையால் ஓட்டி வைப்பது வரை வீட்டில். ஜிப்பும் வாரும் மட்டும் கனத்த மெஷினில். மெஷினுக்கு இருபது நிமிஷ வேலைதான், என்னிடம் 200 ரூபாய் வாங்கினார்கள். முழு வேலையும் கொடுத்தால் இரண்டு மடங்காவது கேட்பார்கள், கேட்கலாம்.

வீட்டு மெஷினிலேயே தைக்கப் போகிறீர்கள் என்றால் 16 எண் ஊசி, தையல் நீளத்தை 4-க்குப் பக்கத்தில் வைத்து, ஓடும்போது ரோமத்தை உள்பக்கம் தள்ளிக்கொண்டே தைக்க வேண்டும். குண்டூசி ரோமத்துக்குள் காணாமல் போய்விடும், துணி காயப்போடுகிற கிளிப் போடுங்கள். முடிந்ததும் தையலில் மாட்டிக்கொண்ட ரோமத்தை ஊசி முனையால் நெம்பி வெளியே எடுத்தால் தையல் இருக்கிற இடமே தெரியாது. அம்மாவின் பழைய கால் மெஷின் இதை முனகாமல் தைத்தது, தங்கச்சி வாங்கின லேசான கரண்ட் மெஷின் இரண்டு ஊசியைத் தின்றது. எதில் தைத்தாலும் பிறகு பாபின் கேஸைக் கழற்றி பிரஷ் போட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெளியே தெரியாத செலவு இதுதான்.

## வழி 3: துணி வாங்கிப் புதுசாகவே தைப்பது

இதில் யாருடைய பொம்மையும் சாகாது. அளவும் உங்கள் இஷ்டம், போன் வேண்டுமா, ஒரு நாவல் வேண்டுமா, அதற்குத் தக்க வெட்டலாம். தங்கச்சியின் தோழிக்கு இதைத்தான் சொன்னேன்.

ஆரம்பத்துக்கு முழுப் பொம்மை வேண்டாம், கரடி முகம் மட்டும் போதும். 24 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டம், தையலுக்குப் போக 22 நிற்கும், அப்போது சுற்றளவு கிட்டத்தட்ட 69 செ.மீ. அந்த நீளத்துக்கு, தையலுக்கு இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து, 9 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. பட்டையின் மேல்பாதியில் ஜிப், இரு பக்கமும் வாருக்கு டி வளையம். இரண்டு காது, ஒரு மூக்கு. இவ்வளவுதான் கரடி.

ரோமத் துணி கிடைப்பதுதான் பாடு. டவுனில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன், படத்தில் பழுப்பாக இருந்தது நேரில் செங்கல் நிறத்தில் வந்தது. அதை வெட்டும்போது ரோமப் பக்கம் கத்தரி படவே கூடாது. திருப்பிப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறிப் பிரித்தால் ரோமம் முழுசாக நிற்கும், கத்தரியை அகலத் திறந்து நறுக்கினால் கரடிக்கு கிராப் வெட்டின மாதிரி ஓரமெல்லாம் மொட்டையாகிவிடும். இரண்டு வட்டத்திலும் ரோமத்தின் வாட்டம் கீழே பார்த்து இருக்க வேண்டும். ஒன்று மேலே பார்த்தால் ஒரே துணியே இரண்டு நிறமாகத் தெரியும். சூடான அயர்ன் பாக்ஸை மறந்தும் வைத்துவிடாதீர்கள், அது பிளாஸ்டிக் இழை, உருகி ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் தேங்காய்ப்பூத் துண்டில் தையுங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு நல்ல துண்டு வாங்கினால் இரண்டு கரடி முகம் எடுக்கலாம். ரோமம் பறக்காது, மெஷின் அடைக்காது, ஜிப் கவ்வாது, வாளியில் சோப்புத்தூள் போட்டு அலசினால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். தொட்டால் பொம்மை மாதிரி மெத்தென்று இல்லைதான், ஆனால் பார்க்க அத்தனை அழகு. அந்தப் பிள்ளை தைத்ததில் ஒரு காது மேலே ஏறிவிட்டது, பிரித்துத் தைக்கவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். எதையோ ஒட்டுக்கேட்கிற மாதிரி இருந்தது அது.

## வழி 4: ரெடிமேட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் பிறந்தநாள் என்றால் வாங்கிவிடுங்கள், யோசிக்க வேண்டாம். ஆன்லைனில் நான் பார்த்த வரை 400 ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை இருக்கிறது, குற்றாலம் சீசன் கடைகளிலும் தொங்கும். வாங்குமுன் மூன்று விஷயம். ஜிப்பை ஐந்தாறு தடவை வேகமாக இழுத்து மூடிப் பாருங்கள். வார் சேர்கிற இடத்தை உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், தடிப்பாக ஒரு துண்டு தட்டுப்படவில்லை என்றால் என் கரடிக்கு ஜங்ஷனில் நடந்ததுதான் இதற்கும் நடக்கும். லைனிங் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் சாவி நுனி தையல் இடுக்கில் புகுந்து வெளியே எட்டிப்பார்க்கும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படத்தை நம்பாமல் செ.மீ. கணக்கைப் படியுங்கள். படத்தில் மாடல் பெண் மாட்டியிருந்த பூனைப் பை, எங்கள் சித்தி மகளுக்கு வந்தபோது வெற்றிலைப் பை அளவுக்கு இருந்தது. ஆச்சி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

## வழி 5: அறுக்காமல், துணிப்பையோடு சேர்ப்பது

அக்கா மகளின் முயலுக்கு வருகிறேன். அது ஒரு காலத்தில் வெள்ளை. ஒரு காதில் நுனி கிடையாது, அவள் பல் முளைக்கும்போது கடித்தது. அவள் கேட்டாள் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதுகைப் பிரிக்க ஆரம்பித்தேன். இரண்டு அங்குலம் பிரித்து, கொஞ்சம் பஞ்சை வெளியே எடுத்து வைத்திருந்தேன். உள்ளே வந்தவள் பஞ்சைப் பார்த்தாள், முயலைப் பார்த்தாள். அழவில்லை. "சித்தி, அதுக்கு வலிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பை கேட்டது அவள்தான். ஆனால் பை என்றால் முயலை அறுப்பது என்று ஐந்து வயசுக்கு எப்படித் தெரியும்? எடுத்த பஞ்சை அப்படியே உள்ளே வைத்து, வெளியே தெரியாமல் இந்தப் பக்கம் ஒரு கண்ணி அந்தப் பக்கம் ஒரு கண்ணி என்று கோத்து இழுத்து மூடினேன். டெடி பியர் என்ற பெயரே, 1902-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று சொன்னதிலிருந்து வந்ததாம். நானும் அன்றைக்கு முயலை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் செய்தது இது. வீட்டில் மஞ்சப்பைக்குப் பஞ்சமா, ஜவுளிக் கடையில் கொடுத்தது, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்தது என்று கொடியில் ஏழெட்டு தொங்குகிறது. அரசாங்கமும் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததிலிருந்து கெட்டியான துணியில் நல்லதாகவே கிடைக்கிறது. அதில் கெட்டியாக ஒன்றை எடுத்து, முன்பக்கம் முயல் இடுப்புவரை உட்காருகிற மாதிரி ஒரு பாக்கெட் தைத்தேன். பாக்கெட்டின் வாயில் முயலின் இடுப்பைச் சுற்றி வருகிற ஒரு நாடா, முனையில் பிரஸ் பட்டன். காது இரண்டும் வெளியே ஆடும். பள்ளிக்கூடத்துக்கு முயல் பையில் போகும், ராத்திரி பட்டனைக் கழற்றிப் படுக்கைக்குப் போகும். பையை மட்டும் துவைக்கலாம், முயலை மட்டும் துவைக்கலாம். சோறு டப்பா, நோட்டு எல்லாம் உள்ளே போகும், வாரின் பாரம் முழுக்கப் பைத் துணியில்தான், முயலுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்றரை மணி நேரம், பட்டனுக்கு 10 ரூபாய்.

குறை இல்லாமல் இல்லை. பொம்மையே பையாக இருக்கிற அந்த வேடிக்கை இதில் வராது, காலேஜ் பிள்ளைகளுக்குக் காட்டினால் "சின்னப் பிள்ள பை" என்றுதான் சொல்வார்கள். பாக்கெட்டில் உட்காருகிற பொம்மை பஸ் நெரிசலில் நழுவி விழாமல் இருக்க நாடாவைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைக்க வேண்டும், அந்த ஒரு இடத்தில் அலட்சியம் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எனக்கு ஆன செலவு | நேரம் | என்ன தாங்கும் | துவைக்க |
|---|---|---|---|---|
| கையால் தைப்பது | 150 ரூபாய்க்குள் | 7 மணி நேரம் | போன், பர்ஸ், சாவி | தலை காயச் சிரமம் |
| பாதி வீடு, பாதி டெய்லர் | 350 ரூபாய் | வீட்டில் 4 மணி நேரம், கடையில் காத்திருப்பு தனி | மேலே உள்ளது, கொஞ்சம் கூட | அதே சிரமம் |
| புதுசாக, தேங்காய்ப்பூத் துண்டில் | 300 ரூபாய் | ஒரு முழு நாள் | வெட்டின அளவைப் பொறுத்து | சுலபம் |
| ரெடிமேட் | 400 முதல் 1,000-க்கு மேல் | இல்லை | பார்த்துத்தான் வாங்க வேண்டும் | லைனிங்கைப் பொறுத்து |
| மஞ்சப்பையும் பொம்மையும் | 10 ரூபாய் | ஒன்றரை மணி நேரம் | டிபன், நோட்டு வரை | தனித்தனியாக, சுலபம் |

இந்தத் தொகையெல்லாம் வீட்டில் ஏற்கனவே இருந்த துணி, ஊசி, நூல் போக. புதுசாகக் கத்தரி, ஊசி என்று ஆரம்பிக்கிறவர்கள் இன்னொரு இருநூறு ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பைக்காக அதையெல்லாம் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதல் வழி ரெடிமேடைவிட மலிவு என்ற பேச்சு அங்கேயே பாதி அடிபட்டுப் போகிறது.

## அப்போ யாருக்கு எது

பிள்ளை கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மை என்றால் ஐந்தாம் வழி மட்டும்தான், மற்ற நாலையும் பார்க்கவே வேண்டாம். பிள்ளை இப்போது பெரிசாகி, "இத என்னமாவது செய்யுங்க" என்று அதுவே வந்து கொடுத்தால் அப்போது பிரிக்கலாம்.

திருவிழாவில் வாங்கி மறந்துபோன பொம்மை, யாரோ பரிசாகக் கொடுத்து பீரோ மேல் ஏறிய பொம்மை, இதெல்லாம் பையாகத்தான் லாயக்கு. நேரம் இருந்தால் கையால், கொஞ்சம் காசும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பாதியை டெய்லரிடம். ஆனால் பிரித்துப் பார்த்து உள்ளே தெர்மாகோல் உருண்டையோ, தொட்டால் தூளாகிற ஸ்பாஞ்சோ இருந்தால் வயிற்றோடு நிறுத்தாமல் தலையையும் காலி செய்து, நல்ல பாலியஸ்டர் பஞ்சு வாங்கி மறுபடி அடையுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் கூடும். மாட்டேன் என்றால் அந்தப் பை மழையில் நனைந்ததும் நாறும், சொல்லிவிட்டேன்.

தினமும் பஸ்ஸில் போகிறவர்கள், போனோடு சார்ஜரும் குடையும் தூக்குகிறவர்கள் துண்டில் தையுங்கள். வருஷத்தில் நாலு தடவை மாட்டி போட்டோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் ரெடிமேடே போதும், அதற்குப் போய் விரலில் ஊசியை ஏற்றிக்கொள்வானேன்.

மைனியின் பாண்டா முழுக்க என் கையால்தான் தைத்தது, அப்போது எனக்குப் பாதிப் பாதி யோசனை வரவில்லை. இப்போது டியூஷனுக்குப் போய் வருகிறது, உள்ளே ஜாமெட்ரி பாக்ஸும் ஒரு கைக்குட்டையும் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாயும். போன வாரம் ஜிப் ஓடவில்லை என்று பிள்ளை கொண்டுவந்தது. ஓரத்தில் நான் வெட்டாமல் விட்ட ஒரு விரல்கடை ரோமம் ரன்னருக்குள் போயிருந்தது. பழைய பல் பிரஷால் சீவி எடுத்து, மெழுகுவர்த்தியை இரண்டு தடவை ஜிப் மேல் தேய்த்துக் கொடுத்தேன். ஓடுகிறது.